போக்கர் மேசையில் நன்னடத்தை

தமிழ் அறநூல்கள் சூதினைக் கடிந்தே பேசியிருக்கின்றன. திருவள்ளுவர் பொருட்பாலிலே அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தருமன் நாட்டை இழந்ததும், நளன் காட்டுக்கு ஏகியதும் சூதினால் வந்த வினை என்பதைக் கூத்து மேடையிலும் புராண படனத்திலும் கேட்டு வளர்ந்த நேயர்களுக்கு, சூதாட்ட மேசையில் நன்னடத்தை என்னும் பேச்சே முரணாகத் தோன்றலாம். கள்ளுக்கொட்டிலில் நிதானம் பேசுவது போன்றதே இது என்று சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும் அந்த மேசைக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. அதனை மீறுவோரை அங்குள்ளோர் வெறுக்கும் வெறுப்பு, பணத்தை வென்று செல்வோர்மீது கொள்ளும் வெறுப்பினும் பெரியது. அது ஏன் என்று ஆராய்வது சூதாட்டத்துக்குப் பரிந்து பேசுவதாகாது.

சீட்டுச் சூதுகளில் இன்று உலகெங்கும் பரந்து ஆடப்படுவது போக்கர். அதன் பிறப்பிடம் அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஓர்லியன்ஸ் பட்டினத்திலும், மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகளிலும் அது உருப்பெற்றது. முதலில் 20 சீட்டுகளையே கொண்டு நால்வர் ஆளுக்கு ஐந்தாக எடுத்து ஆடினர்; பின்னரே 52 சீட்டுகளும் சேர்ந்தன. பணப்பையோடு படகேறும் பயணிகளை எதிர்நோக்கி, சீட்டாட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட கூட்டமொன்று அப்படகுகளில் உலாவியது. குறியிட்ட சீட்டு, சட்டைக் கைக்குள் ஒளித்த சீட்டு, கூட்டாளியின் சைகை ஆகியவை அவர்களுடைய மூலதனம். அகப்பட்டவனை விசாரிக்க அங்கே நீதிமன்றம் இருக்கவில்லை. துப்பாக்கியே விதியாகவும் மத்தியஸ்தராகவும் விளங்கிற்று.

1876ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் டக்கோட்டாப் பிரதேசத்திலுள்ள டெட்வூட் என்னும் சுரங்க ஊரில் நடந்தது பலரும் கேட்ட கதை. 'வைல்ட் பில்' ஹிக்கொக் எனப் பெயர்பெற்ற துப்பாக்கி வீரர் எங்கே சீட்டாட அமர்ந்தாலும் சுவரோடு முதுகு பொருந்தவே அமர்வார். அன்றைய தினம் அந்த ஆசனத்தில் வேறொருவர் இருந்தார். இடம் மாறித் தரும்படி கேட்டும் அவர் இணங்கவில்லை என்பர். வேறு ஆசனத்தில் அமர்ந்த ஹிக்கொக்கை ஜாக் மக்கோல் என்பவன் பின்புறமாக வந்து சுட்டுக் கொன்றான். அப்பொழுது அவர் கையில் இரண்டு ஆஸ் சீட்டுகளும் இரண்டு எட்டுகளும் இருந்தன என்ற செவிவழிக் கதையினால், அச்சேர்க்கைக்கு 'இறந்தவன் கை' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

துப்பாக்கி போய்விட்டது. மேசைக்கு மேலே கமராக் கண்களும், மேசைக்கருகே கோட்டு அணிந்த மேற்பார்வையாளரும் வந்துவிட்டனர். 2001ஆம் ஆண்டில் போட்டி நடத்துநர்கள் ஒரு சங்கமாகக் கூடி, நாட்டுக்கு நாடும் மண்டபத்துக்கு மண்டபமும் மாறிக் கிடந்த விதிகளை ஒருமுகப்படுத்தத் தொடங்கினர். எனினும் விதிப்புத்தகம் எவ்வளவு தடித்தாலும், அதற்கு எட்டாத ஒரு பகுதி எஞ்சியே நிற்கிறது.

அதனை விளங்கிக்கொள்ள ஆட்ட முறையைச் சிறிது அறிதல் வேண்டும். இப்பொழுது பெரும்பாலும் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டம்' என்னும் வகை. ஒன்பது அல்லது பத்துப் பேர் நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர்வர். மண்டபத்தின் ஊழியர் ஒருவரே எல்லாருக்கும் சீட்டுப் பகிர்வார். அவர் ஆட்டத்தில் சேரமாட்டார். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். பின்னர் நடுவிலே ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, பின்பு ஒன்று, பின்னும் ஒன்று என, யாவரும் காண விரிக்கப்படும். தம்முடைய இரண்டையும் பொதுவான ஐந்தையும் கொண்டு எவர் சிறந்த ஐந்து சீட்டுச் சேர்க்கையை அமைக்கிறாரோ அவருக்கே வெற்றி. இடையே நான்கு முறை பந்தயம் வைக்கும் தருணம் வரும். தம்முறை வந்ததும் ஒருவர் சீட்டைக் கைவிடலாம், எதிரி வைத்த தொகைக்கு ஈடு வைக்கலாம், அதனை உயர்த்தலாம். பணத்துக்குப் பதிலாக வண்ணச் சில்லுகள் நடுவே குவியும். ஏனையோர் அனைவரும் கைவிட்டால், எஞ்சி நிற்பவர் தம் சீட்டைக் காட்டாமலே குவியலை எடுத்துக்கொள்வார்.

பொய் நுழையும் வாசல் இதுவே. கையில் ஒன்றுமில்லாத ஒருவர் பெருந்தொகையைத் துணிந்து வைத்து, நல்ல சீட்டு வைத்திருப்பவரை அஞ்சி விலகச் செய்யலாம். இதனை 'பிளஃப்' என்பர். கணித மேதையாகிய ஜோன் வொன் நியூமன், பொருளியலறிஞர் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்ணுடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலிலே, இத்தகைய பொய் ஆட்டக்காரரின் குணக்கேடு அன்று, ஆட்டத்தின் கணக்கே அதனை வேண்டி நிற்கிறது என்று எடுத்துக் காட்டினார். ஒருபொழுதும் பொய்ப் பந்தயம் வையாதவர் பெருந்தொகை வைக்கும்போதெல்லாம் மற்றவர் விலகிக்கொள்வர். அவருடைய நல்ல சீட்டுக்கும் பயன் இல்லாது போகும்.

ஆகவே அந்த மேசையில் பொய் குற்றமன்று. பின், குற்றம் யாது? பந்தயத்தினால் பொய் சொல்லலாம். வேறெதனாலும் சொல்லலாகாது என்பதே அங்குள்ளோர் வகுத்த எல்லை. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் 304 ஆடியோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. 32 சீட்டுகளின் புள்ளிகளும் சேர்ந்து 304 ஆவதனால் அப்பெயர் பெற்ற ஆட்டத்திலே, துரும்பைக் கவிழ்த்து வைத்து எதிரணியைக் குழப்புவது கெட்டித்தனம். எதிரே அமர்ந்த கூட்டாளிக்குக் கண்ணைச் சிமிட்டிக் குறிப்புக் காட்டுவதோ கள்ள ஆட்டம். இரண்டும் மறைவான செயல்களே. ஆயினும் முன்னதைப் பாராட்டுவோர் பின்னதற்குச் சீட்டை எறிந்துவிட்டு எழுந்துவிடுவர். போக்கரிலோ கூட்டாளி என்று ஒருவர் இல்லை. ஒவ்வொருவரும் ஏனைய எட்டுப் பேருக்கும் எதிரி. மேலும் அங்கே இழப்பது புள்ளியன்று, பணம். ஆதலின் எல்லைக்கோடு இன்னும் நுண்மையாக வரையப்பட்டிருக்கிறது.

முறை தவறி ஆடுதலை எடுத்துக்கொள்வோம். புதிதாக மேசைக்கு வருவோர் பெரும்பாலும் செய்யும் பிழை இது. தமக்கு வந்த சீட்டு பயனற்றது எனக் கண்டதும், தம்முறை வருமுன்னரே அதனை நடுவே தள்ளிவிடுகின்றனர். தோற்கும் சீட்டைத் தள்ளுவதில் எவருக்கு என்ன நட்டம் என்று தோன்றும். ஆனால் மூவர் எஞ்சியுள்ள ஓர் ஆட்டத்தில், முதலாமவர் பொய்ப் பந்தயம் வைக்கலாமா என எண்ணிக்கொண்டிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் முந்திக்கொண்டு விலகிவிட்டால், இனி அஞ்ச வேண்டியது ஒருவருக்கு மட்டுமே என்பது முதலாமவருக்குத் தெரிந்துவிடும். அவர் துணிந்து வைப்பார். நடுவே இருந்தவர் தம் பணத்தை இழப்பார், தமக்கு என்ன நேர்ந்தது என்று அறியாமலே. பொறுமையில்லாத ஒருவரின் விரலசைவு மற்றொருவரின் பையிலிருந்து பணத்தை எடுத்து மூன்றாமவருக்குக் கொடுத்துவிடுகிறது.

இதனினும் வேண்டுமென்றே செய்யப்படுவது துண்டுதுண்டாகப் பந்தயம் வைத்தல். ஒருவர் சில சில்லுகளை முன்னே வைத்துவிட்டு, எதிரியின் முகத்தை நோக்குகிறார். அம்முகத்தில் அச்சம் தெரிந்தால், மறுபடியும் கையைப் பின்னே கொண்டுசென்று இன்னும் சில சில்லுகளை எடுத்து வைக்கிறார். மலர்ச்சி தெரிந்தால் அதனோடு நிறுத்திக்கொள்கிறார். இதனைத் தடுப்பதற்காகவே, தொகையை வாயால் முன்னரே சொல்லிவிடல் வேண்டும், அன்றேல் ஒரே அசைவில் முழுவதையும் வைத்துவிடல் வேண்டும் என்பது விதியாயிற்று. திரைப்படங்களில் கதாநாயகன் "உமது நூறு இதோ" என்று சொல்லிச் சற்று நிறுத்தி, "அதற்கு மேல் இருநூறு" என்று முழங்கும் காட்சியைக் கண்டிருப்போம். உண்மையான மேசையில் அவன் முதலிற் சொன்ன சொல்லே செல்லும். இருநூறு திரும்பி அவனிடமே தள்ளப்படும். வாயிலிருந்து வந்த சொல்லை மீளப் பெறவியலாது என்பதில் அம்மேசை நம்முடைய பல சபைகளைக் காட்டிலும் கண்டிப்பானது.

ஆட்டத்திலிருந்து விலகியவருக்கும் கடமை உண்டு. ஒருவர் இரண்டு ஏழுகளைக் கையிலே பெற்று, எதிரியின் பெரும் பந்தயத்துக்கு அஞ்சி அவற்றைக் கைவிடுகிறார். அடுத்த கணம் நடுவிலே விரிந்த மூன்று சீட்டுகளில் ஓர் ஏழு கிடக்கிறது. "ஐயோ!" என்று தலையில் கைவைக்கிறார். மனித இயல்புதான். ஆனால் அந்த ஓர் ஒலியினால், ஏழு என்னும் சீட்டைப் பற்றி இனி அஞ்ச வேண்டியதில்லை என்பது மேசை முழுவதற்கும் தெரிந்துபோகிறது. ஏழு தம்மிடம் இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் வைக்க எண்ணியிருந்தவரின் வழி அடைபட்டுவிட்டது. ஆகவே விலகியவர் கற்சிலைபோல் இருத்தல் வேண்டும். ஒருவர் சீட்டைப் பற்றி மற்றொருவர் ஆலோசனை கூறுவதும் இதே காரணத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஒரு கைக்கு ஓர் ஆட்டக்காரரே என்பது அங்கே அடிப்படை நியதி.

இதன் தொடர்பாக நம்மவர் அறிந்திருக்கத்தக்க வேறொரு விதியும் உண்டு. அமெரிக்க மண்டபங்களில் சீட்டுகள் கையில் இருக்கும்போது ஆங்கிலத்திலேயே பேசுதல் வேண்டும். இரண்டு தமிழர் அருகருகே அமர்ந்து, இராச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று தமிழில் பேசிக்கொண்டாலும், பகிர்பவர் அவர்களைப் பணிவாக எச்சரிப்பார். இதனை மொழி இகழ்ச்சி என்று எண்ணிச் சினந்தோரும் உளர். ஆனால் ஸ்பானிய மொழியினரும் சீன மொழியினரும் அதே எச்சரிக்கையைப் பெறுகின்றனர். விளங்காத மொழியிலே இருவர் பேசும்போது எஞ்சிய எழுவருக்கும் ஐயம் எழுவது இயற்கை. அவர்கள் பேசியது சோற்றைப் பற்றியா, சீட்டைப் பற்றியா என்பதை எவர் அறிவார்?

நட்பு கூட அங்கே குற்றமாகிவிடுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். கணவனும் மனைவியும், அல்லது பால்ய நண்பர் இருவர், ஒரே மேசையில் அமர்கின்றனர். ஒருவரை ஒருவர் வதைக்க மனமின்றி, தம்முள் மட்டும் எதிர்ப்படும்போது பந்தயத்தை உயர்த்தாமல் விட்டுக்கொடுக்கின்றனர். வேறெங்காயினும் இதனைப் பெருந்தன்மை என்போம். போட்டி மேசையிலோ அது தண்டனைக்குரியது. நண்பனிடம் காட்டிய இரக்கம் அந்நியனுக்கு இழைத்த அநீதி என்பது அவர்களுடைய வாதம். நண்பர் இருவரும் தம்முட் பொருதாமல் மற்றவரோடு மட்டும் பொருதினால், அந்நியர் தனியாளாக இருவரை எதிர்க்க வேண்டியவராகிறார். உறவுக்காரனுக்கு ஒரு நியாயம், ஊரானுக்கு ஒரு நியாயம் என்று நடந்து பழகிய சமூகங்களுக்கு இவ்வாதம் சற்றுக் கசப்பாகவே இருக்கும்.

இதுகாறும் கூறியவற்றுக்கெல்லாம் விதி உண்டு. ஒரு செயலைப் பற்றி மட்டும் விதிப்புத்தகம் ஏறக்குறைய மௌனஞ் சாதிக்கிறது; மேசையோ அதனையே எல்லாவற்றிலும் இழிவானதாகக் கருதுகிறது. இறுதிப் பந்தயமும் முடிந்து சீட்டைக் காட்டும் வேளை அது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. எவர் வென்றார் என்பது சீட்டிலே எழுதப்பட்டுவிட்டது. எதிரி தம் சீட்டைத் திறந்து வைக்கிறார். அது நல்ல சீட்டு. அவர் முகத்தில் நம்பிக்கை மெல்லப் படர்கிறது. தம்மிடம் தோற்கவே முடியாத சீட்டு இருப்பதை அறிந்த மற்றவரோ அதனை உடனே திறக்கவில்லை. பெருமூச்சு விடுகிறார், தலையை அசைக்கிறார், தோற்றவர் போலத் தோளைத் தொங்கவிடுகிறார். எதிரியின் கை குவியலை நோக்கி நீளுமட்டும் காத்திருந்து, பின்னர் ஒரு சீட்டு, அதன்பின் மற்றொரு சீட்டு என மெல்லத் திறக்கிறார். இதற்கு 'ஸ்லோ ரோல்' என்று பெயர்.

ஐந்து நிமிடத்துக்கு முன் அதே மனிதர் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு எதிரியை ஏமாற்றி ஆயிரம் டொலர் பறித்திருந்தால், அவ்வெதிரியே "நன்றாக ஆடினீர்" என்று சொல்லிச் சிரித்திருப்பார். இப்பொழுதோ அவர் முகங் கறுக்கிறார். மேசையில் பேச்சு அடங்குகிறது. வேறுபாடு எங்கே உள்ளது? பொய் சொல்லும் உரிமையை ஆட்டமே கொடுத்தது. ஆட்டம் முடிந்ததும் அவ்வுரிமையும் முடிந்தது. மெல்லத் திறந்தவருக்கு அதனால் ஒரு சதமேனும் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. மற்றொருவர் ஒரு கணம் மகிழ்ந்து, மறுகணம் நொறுங்குவதைக் கண்டு களிப்பதொன்றே பயன். ஆகவேதான், தம் சீட்டே வெல்லும் சீட்டென அறிந்தவர், முதலிற் காட்ட வேண்டிய முறை தமக்கு இல்லாவிடினும், தயங்காமல் திறந்துவிடுவதைப் பழைய ஆட்டக்காரர் கண்ணியம் எனப் போற்றுகின்றனர்.

காலத்தை விரயஞ் செய்வோர் மற்றொரு வகையினர். ஒரு மேசையில் மணிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 ஆட்டங்கள் நடைபெறும். கடினமான முடிவொன்றுக்கு ஒருவர் இரண்டு நிமிடம் சிந்தித்தால் எவரும் குறைகூறார். ஒவ்வொரு முறையும் எளிய முடிவுக்கும் நெற்றியைச் சுருக்கிக் கூரையை அண்ணாந்து நோக்குவோர்தாம் தொல்லை. இவர்களிற் பலர் தொலைக்காட்சியிலே பெரிய ஆட்டக்காரர் சிந்திப்பதைக் கண்டு, சிந்தனையை விட்டுவிட்டு அதன் தோற்றத்தை மட்டும் கற்றுக்கொண்டவர்கள். இதற்கு மருந்தாக, மேசையிலுள்ள எவரும் கடிகாரம் வைக்கும்படி மேற்பார்வையாளரைக் கேட்கலாம். சில போட்டிகளில் ஒவ்வொரு முடிவுக்கும் 30 விநாடியே தரப்படுகிறது.

காலவிரயமும் வாய்ப்பேச்சும் ஒருங்கே சேர்ந்தால் என்னாகும் என்பதை உலகமே 2016இல் தொலைக்காட்சியிற் பார்த்தது. லாஸ் வேகாஸ் நகரில் பெனி பினியன் என்பவர் தம் சூதாட்ட மண்டபத்தில் 1970ஆம் ஆண்டு தொடங்கிவைத்த 'உலகப் போக்கர் தொடர்' இன்று மிகப்பெரிய போட்டியாக வளர்ந்துள்ளது. முதலாண்டில் ஆட்டக்காரர்களே வாக்களித்து ஜோனி மோஸ் என்பவரை வெற்றியாளராகத் தெரிந்தெடுத்தனர். அவ்வளவு சிறிய கூட்டம் அது. 2016இலோ முதன்மைப் போட்டியில் 6,737 பேர், ஆளுக்கு 10,000 டொலர் கட்டி அமர்ந்தனர். அவர்களுள் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் கசூப். அவர் எதிரியோடு ஓயாது பேசிக்கொண்டே, தம் முடிவைச் சொல்லாமல் நிமிடக்கணக்கில் இழுப்பார். பேச்சினால் எதிரியைக் கலக்கி உண்மையை முகத்தில் வரவழைப்பது பழைய கலைதான். அவர் அதிலே வல்லவர் என்பதையும் மறுக்கவியலாது. மேற்பார்வையாளர்கள் எச்சரித்தனர், தண்டனையும் விதித்தனர். அவர் நிறுத்தவில்லை.

இறுதியில் கனடாவைச் சேர்ந்த கிரிபின் பெங்கர் என்பவரோடு ஓர் ஆட்டம் வந்தது. வழக்கம்போல் கசூப் பேசினார். பெங்கர் பொறுமையிழந்து, பிறரைத் துன்புறுத்துவது வேடிக்கையன்று என முகத்துக்கு நேரே கடிந்தார். சில்லுகள் எல்லாம் நடுவே சென்றன. கசூப்பிடம் இரண்டு ராசாக்கள். பெங்கரிடம் இரண்டு ஆஸ்கள். கசூப் 17ஆம் இடத்தோடு வெளியேறினார். சுற்றி நின்றோர் ஆரவாரஞ் செய்தனர். அக்காட்சியை நீதி வென்றதாகக் கொண்டாடியோர் பலர். ஆயினும் சீட்டுகளுக்கு நீதி தெரியாது. ராசாக்கள் பெங்கரிடமும் ஆஸ்கள் கசூப்பிடமும் வந்திருந்தால், அதே கூட்டம் வாய்மூடி நின்றிருக்கும். அன்றி, கையில் மிக உயர்ந்த இணைச் சீட்டை வைத்துக்கொண்டு எதிரியைக் கடிந்து பேசுவதும் ஒருவகையிற் பேச்சு ஆயுதந்தான் என்று சிலர் கூறியதையும் புறக்கணித்தற்கில்லை.

சிறு தொல்லைகள் பல உள. எண்ணெய்ப் பண்டத்தைத் தின்ற விரலால் சீட்டைத் தொடுதல், சில்லுகளை இடைவிடாது கலகலவென உருட்டுதல், கைத்தொலைபேசியில் ஆழ்ந்து தம்முறையைத் தவறவிடுதல், ஆட்டம் முடிந்தபின் அடுத்து என்ன சீட்டு வந்திருக்கும் காட்டுக என்று வற்புறுத்துதல், பெரிய சில்லுகளைச் சிறியவற்றின் பின்னே மறைத்துத் தம் செல்வத்தைக் குறைத்துக் காட்டுதல் என அவை நீளும். வென்ற பணத்தில் ஒரு பகுதியை இரகசியமாகச் சட்டைப் பையில் இட்டுக்கொள்வது மட்டும் சிறு தொல்லையன்று. இழந்தவர் அதனை மீட்கும் வாய்ப்பைத் திருடுவதாகவே அது கருதப்படுகிறது. முழுவதையும் எடுத்துக்கொண்டு எழுந்து போக எவருக்கும் உரிமை உண்டு.

தோற்றவரின் கோபத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். 2003ஆம் ஆண்டில் டெனசி மாநிலத்துக் கணக்காளராகிய கிறிஸ் மணிமேக்கர் என்பவர், பிரபலமான ஆட்டக்காரரையெல்லாம் வென்று, 839 பேர் கலந்த அப்போட்டியில் முதலிடமும் 25 இலட்சம் டொலரும் பெற்றார். அது முதல் சாதாரண உத்தியோகத்தர்களும் கடைக்காரர்களும் திரள்திரளாக மேசைக்கு வந்தனர். 2006இல் 8,773 பேர். 2024இல் 10,112 பேர். இவர்களிற் பெரும்பாலார் கற்றுத் தேறியவர் அல்லர். தேர்ந்தவர்கள் இவர்களை 'மீன்' என்று இகழ்ந்து அழைப்பர். ஒரு மீன், கணக்கின்படி விலகியிருக்க வேண்டிய இடத்தில் விலகாமல் நின்று, கடைசிச் சீட்டினால் தற்செயலாக வென்றுவிடும். தோற்ற நிபுணர் உடனே பாடம் நடத்தத் தொடங்குவார். "இந்தச் சீட்டோடு எவனாவது நிற்பானா?" என்று ஏசுவார்.

இதிலுள்ள அறியாமை பெரிது. பிழையாக ஆடுவோர் இழக்கும் பணமே நிபுணரின் வருமானம். அவரைத் திட்டி அனுப்புவதும், திட்டியே திருத்துவதும் தன் வயலுக்குத் தானே தீ வைப்பது போன்றதாகும். மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே என்று ஆட்டக்காரர் தமக்குள் எச்சரித்துக்கொள்வது இக்காரணத்தால்தான். ஆனால் அவ்வெச்சரிக்கையும் அழகானதன்று. ஏசாதே என்பது இரக்கத்தினால் அன்று, நாளையும் அவர் வந்து தோற்க வேண்டும் என்பதனால். அந்த மீனுக்கும் ஒரு வீடும், வீட்டில் அம்மாதச் செலவை எண்ணியிருப்போரும் உண்டு என்ற நினைவு அவ்வுபதேசத்தில் இல்லை. சூதாட்டத்தின் நன்னடத்தை எவ்வளவு தூரம் செல்லக்கூடும், எங்கே நின்றுவிடும் என்பது இங்கே வெளிப்படுகிறது. 1989இல், 24ஆம் வயதில், அம்முதன்மைப் போட்டியை வென்ற பில் ஹெல்மியூத், தோற்கும்போதெல்லாம் எழுந்து நின்று எதிரியின் அறியாமையைப் பழிப்பதில் பேர்போனவர். 'போக்கர் குழப்படிகாரன்' என்னும் கருத்துடைய பட்டப்பெயரை அவர் தாமே விரும்பி ஏற்றுத் தம் சுயசரிதைக்கும் சூட்டினார். தொலைக்காட்சிக்கு அவரைப் பிடிக்கும். அவரைப் பார்த்துப் பழகிய இளைஞர், அவருடைய திறமை இல்லாமலே கோபத்தை மட்டும் சுமந்துகொண்டு ஊர் மண்டபங்களில் அமர்கின்றனர்.

அக்கோபம் எதிரியைச் சுடாதபோது பகிர்பவரைச் சுடும். அமெரிக்க மண்டபங்களில் பகிர்பவருக்குச் சம்பளம் சொற்பம். குவியலை வென்றவர் மனமுவந்து தள்ளும் ஒன்றிரண்டு சில்லுகளே அவருடைய வருவாயின் பெரும்பகுதி. கலைத்த கட்டிலிருந்து வரிசையாக எடுத்து வைப்பதன்றி, எந்தச் சீட்டு எவருக்குப் போகிறது என்பதில் அவருக்கு எவ்விதப் பங்கும் இல்லை. இருந்தும், தோற்றவர் சீட்டைச் சுழற்றி அவர்மீது எறிவதும், "நீ வந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று உறுமுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். எறிந்த சீட்டு முகத்தில் பட்டாலும், அவர் அதனைப் பொறுக்கி எடுத்து, கட்டோடு சேர்த்து, அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்க வேண்டும். மேற்பார்வையாளரை அழைக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அடிக்கடி அழைக்கும் பகிர்பவருக்குச் சில்லுத் தள்ளுவோர் குறைவு என்பதையும் அவர் அறிவார். மேசையில் வீற்றிருப்போரில் நல்லவரும் உளர், எறிந்தவரைப் பார்த்து, "அவர் என்ன செய்வார், ஐயா?" என்று ஒரு சொற் சொல்வர். அந்த ஒரு சொல்லுக்கு விதிப்புத்தகத்தின் பல பக்கங்களைவிட வலிமை உண்டு. எறிந்தவர் அடுத்த ஆட்டத்தில் பெரும்பாலும் அடங்கியே இருப்பார்.

ஏறத்தாழ அரைமணிக்கொரு முறை பகிர்பவர் மாறுவார். புதியவர் பின்னே வந்து நின்று தோளை மெல்லத் தொடுவார். இருந்தவர் கையிலுள்ள ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை தட்டி, விரித்து, மேலேயுள்ள கமராவுக்குப் புறமும் உள்ளும் திருப்பிக் காட்டுவார். கையில் ஒரு சில்லும் ஒட்டியிருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. பின்னர் ஆட்டக்காரர்களுக்கு நல்வாழ்த்துக் கூறிவிட்டு, அடுத்த மேசைக்கு நடந்து செல்வார்.